இரண்டு வாய்க்கால், ஒரே குளம்: தலைமை அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் சபையினருக்கும் தகவல் தொழில்நுட்பப் பிரிவினருக்கும்,

சென்ற வாரம் கிளைகளுக்கு வந்த உங்கள் சுற்றுநிருபத்தை மூன்று தடவை வாசித்தேன். அதில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் கூட்டித் திரையில் காட்டும், இதுவரை 15 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்டு வந்த நேரலை ரிப்போட்டுகள் வரும் தை மாதம் முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். தலைமை அலுவலகச் சுவரில் உள்ள பெரிய திரையோடு எல்லாக் கிளை முகாமையாளர்களின் மேசையிலும் அவை ஓடும். இது ஒன்று. சென்ற அறுவடைக் காலத்தில் வன்னிக் கிளைகளின் கரும்பீடங்களில் (கவுண்டர்களில்) ஏற்பட்ட தாமதத்துக்கு ஊழியர்களின் பயிற்சிக் குறைவே காரணம் என்பது மற்றது.

அந்தத் தாமதத்தை உண்டாக்கியதே அந்த ரிப்போட்டுதான். சுற்றுநிருபத்தை எழுதியவருக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் இரண்டையும் ஒரே தாளில் எழுதியிருக்க மாட்டார்.

இதை விளக்கி உள்ளுக்குள் மூன்று மின்னஞ்சல் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால் வெளியில் எழுதுகிறேன். நகை அடைவு (அடகு) பிடிக்கும் நம் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும். இதே மாதிரி இயந்திரம் வைத்து இதே பிழையை விடுகிற வேறு இடங்களும் இருக்கும், அவர்களும் வாசிக்கட்டும்.

நான் கிளிநொச்சியில் உங்கள் ஊழியர். ஆறு வருடம் காசாளராக இருந்தேன். பிறகு இரவிரவாகப் படித்து டேட்டாபேஸ் வேலைக்கு வந்து, இப்போது வன்னிக் கிளைகளின் கணினிப் பக்கத்தைப் பார்க்கிறேன். ஆள் குறைந்தால் இன்றைக்கும் கரும்பீடத்தில் போய் இருப்பேன். ஆகவே கண்ணாடியின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

சென்ற மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. உருத்திரபுரம், அக்கராயன் பக்கமெல்லாம் வெட்டு முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வந்த கிழமை. எங்கள் பக்கத்து வாடிக்கையாளரைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் என்று அடைவு வைத்த நகை, மாசி, பங்குனியில்தான் மீளும். நெல் விற்ற காசில் முதல் செலவே அதுதான். அதனால் அந்த ஆறேழு கிழமையில் எங்கள் கரும்பீடங்களில் நிற்கிற வரிசை வருடத்தின் மற்ற எந்த மாதத்திலும் நிற்காது.

விசுவமடுவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். தாலிக்கொடியும் இரண்டு காப்பும் மீட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் சாமத்திய வீடு. காசை எண்ணித் தந்தார், நானும் எண்ணினேன், சரியாக இருந்தது. கணக்கைப் பதிந்து உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. அப்போது 10.46.

சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கரும்பீடத்திலும் அதே வட்டம். இப்படி நிற்கும்போது காசாளருக்கு எழும் பயம் என்னவென்று தலைமை அலுவலகத்தில் எவரும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். பதிவு உள்ளே போய்விட்டதா, இல்லையா? திரும்ப அழுத்தினால் இரண்டு தடவை பதியுமா? விட்டுவிட்டு வெளியே வந்தால் அந்தக் காசு எந்தக் கணக்கில் நிற்கும்? காசு என் லாச்சிக்குள் இருக்கிறது. நகை உள்ளே பெட்டகத்தில் இருக்கிறது. விடுவிப்புச் சீட்டு அச்சாகாமல் பெட்டகம் திறக்கக் கூடாது, அது நீங்கள் போட்ட விதி, நல்ல விதியும்கூட.

"பிள்ளை, காசு உள்ளுக்குப் போட்டுதோ?"

"கொஞ்சம் பொறுங்கோம்மா, மெசின் சுத்துது."

"போட்டுதெண்டால் நகையைத் தாவன். போகேல்லையெண்டால் காசைத் தா."

அவர் கேட்டது முழு நியாயம். எனக்குத்தான் இரண்டில் எதைச் செய்வதென்று தெரியவில்லை. இந்த மண்ணில் 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்த சனம் இது. ரசீதுத் துண்டைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம், காசு எங்கே நிற்கிறது என்று தெரியாது என எந்த வாயால் சொல்வது?

கடைசியில் பதிவு நேரம் கடந்து அறுந்துபோனது. திரும்பப் பதிந்தேன், 11.00 மணிக்கு அடுத்த சுற்றில் மாட்டியது. இப்படியே நாலு தடவை. பரந்தன் சந்தியால் முல்லைத்தீவுப் பாதையில் போகும் பஸ்ஸை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. முகாமையாளர் கையால் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு, நகையில்லாமல் போனார். ஞாயிறு எந்த நகையைப் போட்டுச் சபையில் நின்றார் என்று நான் கேட்கவில்லை. திங்கள் வந்தபோது வட்டிக் கணக்கில் மாதம் மாறியிருந்தது. இன்னொரு மாத வட்டி கட்டித்தான் மீட்டார். அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி முகாமையாளர் அனுப்பிய கடிதத்துக்கும் இன்றுவரை பதில் இல்லை.

இதைத்தான் நீங்கள் பயிற்சிக் குறைவு என்கிறீர்கள்.

அடுத்த நாளே ஒரு சீஆர் கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். கரும்பீடம் நிற்கும் நேரம், திரும்ப ஓடும் நேரம், எந்தக் கிளை. புதுக்குடியிருப்பு, மல்லாவி, மாங்குளம் கிளைகளில் இருக்கும் தங்கச்சிமாரிடமும் குறிக்கச் சொன்னேன். முதல் பக்கம் நிறையும் முன்பே கண்ணில் பட்டது: நின்ற நேரங்கள் 00, 15, 30, 45 என்று மணிக்கூட்டின் கால்களுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. உங்கள் நேரலை ரிப்போட்டு புதுப்பிக்கப்படும் நேரமும் அதுவேதான்.

தற்செயலாக அமைந்தது என்று சொல்வீர்கள். சரி. பங்குனி முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, ரிப்போட்டு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதற்காக நீங்களே அதைப் பகல் 1.30 வரை நிறுத்தி வைத்தீர்கள். அன்றைக்கு எங்கள் வரிசை வாசலைத் தாண்டி வீதியில் நின்றது. ஒரு கரும்பீடமும் நிற்கவில்லை. 1.30க்குத் திரையை மீண்டும் இயக்கினீர்கள். 1.47க்கு மல்லாவியிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இரண்டாவது மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறேன்.

முதலில் எனக்குச் சொல்லப்பட்ட காரணம் 'வன்னியில லைன் சரியில்லை'. எதற்கெடுத்தாலும் இது ஒன்று. லைனைச் சோதித்தேன். கரும்பீடம் நிற்கும்போதும் ஓடும்போதும் பிங் நேரம் (லைனில் ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம்) ஒன்றாகவே இருந்தது. அதைவிட, கொழும்புக் கிளையில் இருக்கும் என் பழைய சக ஊழியரிடம் கேட்டேன். அதே நிமிடங்களில் அவர்களும் நின்றிருக்கிறார்கள். ஆனால் அங்கே வரிசையில் மூன்று பேர், அதனால் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. டேட்டாபேஸ் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் நிற்கிறது. அறுவடைக் காலத்தில் அதன் வலி முழுவதும் எங்கள் பக்கம் விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு தகவல் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார். நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். "தங்கச்சி, எங்களிட்ட இருக்கிறது ரெண்டு நோட் கிளஸ்டர். கவுண்டர் வேலை நோட் ஒண்டில. ரிப்போட் நோட் ரெண்டில. ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லை. அதோட ஒராக்கிளில வாசிக்கிறவன் எழுதுறவனை மறிக்கிறதில்லை."

(ஒராக்கிள் என்பது எங்கள் டேட்டாபேஸ் மென்பொருள். கிளஸ்டர் என்றால் அதைச் சேர்ந்து ஓட்டும் கணினிக் கூட்டம், நோட் என்றால் அதில் ஒரு கணினி.) நான் இந்த மடலை எழுதுவது முக்கியமாக இந்தப் பதிலுக்காகத்தான். ஏனென்றால் அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் திருத்துவது சுலபமாக இருந்திருக்கும்.

இரணைமடுக் குளத்துக்கு இடதுகரை வாய்க்கால், வலதுகரை வாய்க்கால் என்று இரண்டு இருக்கிறது. இடதுகரையில் திறந்தால் வலதுகரைக்கு ஒன்றும் ஆகாது என்று ஒருவர் கமக்காரர் கூட்டத்தில் எழுந்து சொன்னால் அவரை இருக்கச் சொல்வார்கள். வாய்க்கால் இரண்டு, துருசு (மதகு) இரண்டு, குளம் ஒன்று. எங்கள் கிளஸ்டரும் அப்படித்தான். ஒராக்கிள் ரியல் அப்ளிகேஷன் கிளஸ்டர்ஸ் என்ற இந்த ஏற்பாட்டில் கணினிகள் இரண்டு, அவற்றின் நினைவகங்கள் இரண்டு. தரவு ஒன்று, டிஸ்க் ஒன்று. இரண்டாம் நோட்டில் இருப்பது தரவின் இன்னொரு பிரதி இல்லை. அதே தரவுக்கு இன்னொரு வாசல்.

இந்த ஏற்பாடு 2001 இல் ஒன்பதாம் பதிப்போடு வந்தது. (அந்த வருடம் கிளிநொச்சியில் மின்கம்பியே இல்லை. குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் நாங்கள். இன்று அதே இயந்திரத்தின் காத்திருப்பு அட்டவணையைக் கிளிநொச்சியில் இருந்தபடி வாசிக்கிறோம், அது வேறு கதை.) அதற்கு முந்திய பதிப்புகளில் ஒரு நோட் மாற்றிய பிளொக்கை (தரவை வைக்கும் சிறு துண்டு) மற்ற நோட் மாற்ற வேண்டுமென்றால், முதல் நோட் அதை டிஸ்க்கில் எழுத வேண்டும், மற்றது டிஸ்க்கிலிருந்து வாசிக்க வேண்டும். மெதுவோ மெது. 2001க்குப் பிறகு டிஸ்க்கைச் சுற்றாமல், நோட்டுகளுக்கு இடையே உள்ள தனி வலையால் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே பிளொக் போகிறது. கேஷ் ஃபியூஷன் என்று பெயர். நல்ல பொறியியல்தான். ஆனால் வேகமாகப் போகிறது என்றால் சும்மா போகிறது என்று அர்த்தமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். 10.45க்கு இரண்டாம் நோட்டில் ரிப்போட்டு தொடங்குகிறது. எல்லாக் கிளைகளினதும் அன்றைய கொடுக்கல் வாங்கல், நிலுவையில் உள்ள அடைவுகள், வட்டி எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒரு காசாளரின் பதிவு நாலைந்து பிளொக்கைத் தொட்டுவிட்டுப் போகும். ரிப்போட்டு அட்டவணை முழுவதையும் தடவிக்கொண்டு போகும். அதற்குத் தேவையான பிளொக்குகளில் மிகப் புதியவை எங்கே இருக்கின்றன? முதலாம் நோட்டின் நினைவகத்தில். ஏனென்றால் அவற்றை இப்போதுதான் நாங்கள், கரும்பீடக்காரர், மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஆகவே இரண்டாம் நோட் ஒவ்வொன்றாகக் கேட்கிறது, முதலாம் நோட் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது.

அப்படியே கொடுத்துவிடவும் முடியாது. 10.45க்குத் தொடங்கிய கேள்விக்கு 10.45 இல் இருந்த நிலைதான் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் கழித்த காசு மறுபக்கம் கூட்டப்படாமல் மொத்தம் பிழைக்கும். அதனால் 10.46க்கு நான் மாற்றிய பிளொக்கை, அண்டூவில் (மாற்றத்துக்கு முந்திய நிலையைக் குறித்து வைக்கும் இடம்) இருக்கும் பழைய விபரத்தைக் கொண்டு பின்னோக்கிச் சுருட்டி, 10.45 இன் பிரதி ஒன்றைச் செய்ய வேண்டும். அதை முதலாம் நோட் செய்து அனுப்பும். சில வேளை அரைகுறையாக அனுப்பி, மிச்சத்துக்கான அண்டூ பிளொக்குகளையும் பின்னால் அனுப்பும். ரிப்போட்டு எவ்வளவு நேரம் ஓடுகிறதோ, அவ்வளவு தூரம் பின்னோக்கிச் சுருட்ட வேண்டும். கரும்பீடத்தில் எவ்வளவு கூட்டமோ, அவ்வளவு பிளொக் மாறியிருக்கும். அதாவது சனம் கூடின நாளில்தான் ரிப்போட்டின் பாரமும் கூடுகிறது. சித்திரை மாதம் சோதித்துப் பார்த்துவிட்டு 'ஒரு பிரச்சினையும் இல்லை' என்று எழுதினீர்கள். சித்திரையில் வாய்க்காலில் தண்ணீரே ஓடவில்லை.

வாசிப்பவர் எழுதுபவரை மறிப்பதில்லை என்பது பூட்டு சம்பந்தமான பேச்சு. ரிப்போட்டு என் வரியைப் பூட்டவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வேலையைச் செய்ய வேண்டிய இயந்திரத்துக்கு அது வேறு வேலை கொடுக்கிறது. புதிதாய் மாறிய பிளொக்கின் பிரதியை அடுத்த நோட்டுக்கு அனுப்பு முன், அந்த மாற்றத்தின் ரீடூ (நடந்த மாற்றங்களை வரிசையாகக் குறிக்கும் பதிவேடு) பதிவு டிஸ்க்கில் எழுதி முடிந்திருக்க வேண்டும். என் கமிட்டும் (பதிவை உறுதியாக்கும் கடைசிப் படி) காத்திருப்பது அதே ரீடூ எழுத்தருக்காகத்தான். விடுவிப்புச் சீட்டு அச்சாவது அந்தக் கமிட்டுக்குப் பின். கச்சேரியில் ஒரே ஒரு எழுதுவினைஞர் இருக்கும் மேசைக்கு முன்னால், பிறப்புச் சான்றிதழ் எடுக்க வந்தவருக்கும் ஆயிரம் பக்கக் கோவையைப் பிரதி எடுக்க வந்தவருக்கும் ஒரே வரிசை வைத்தது மாதிரி. கோவைக்காரர் யாரையும் மறிக்கவில்லை. வரிசைதான் நகரவில்லை.

பெரிய அட்டவணையை நினைவகத்தைத் தொடாமல் நேரே டிஸ்க்கிலிருந்து வாசிக்கிற வழியும் இதில் உண்டு. அப்படி வாசிக்கும்போதும், அந்த அட்டவணையில் மாறிக் கிடக்கும் பிளொக்குகளை முதலாம் நோட் முதலில் டிஸ்க்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். டிஸ்க்கும் பொது. எந்த வழியால் போனாலும் குளத்தில்தான் வந்து முடிகிறது.

இன்னொன்று. 'ரிப்போட்டு இரண்டாம் நோட்டில்' என்பதே முழுதாகச் சரியில்லை. எனக்குப் பார்க்க அனுமதி உள்ள அளவில் பார்த்தேன். ரிப்போட்டு மென்பொருள் தனக்கென்று ஒரு சேவைப் பெயரில் (எந்த நோட்டில் ஓடுவது என்று தீர்மானிக்கும் இணைப்புப் பெயர்) இணையவில்லை, இரண்டு நோட்டுக்கும் பொதுவான பெயரில் இணைகிறது. அதற்குள் யாரோ வேகமாக ஓடட்டும் என்று இணை ஓட்டக் குறிப்பும் போட்டிருக்கிறார். அப்படிப் போட்டால் அந்தக் கேள்வி துண்டு துண்டாகப் பிரிந்து, சேவை ஓடும் எல்லா நோட்டுகளிலும் ஏறி உட்காரும். முதலாம் நோட் உட்பட. இதைத் தடுக்க ஒரு பராமீட்டர் இருக்கிறது, இயல்பில் அது நிறுத்தப்பட்டிருக்கும். தனிச் சேவைப் பெயர் போட்டிருந்தால் அதற்கும் தேவையில்லை. இது காசு செலவழிக்க வேண்டிய விடயமே இல்லை, அரை மணி நேர வேலை.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது வேறு. இந்தக் கிளஸ்டருக்கு நிறுவனம் பெரும் காசு கொடுத்தது எதற்கு? ஒரு நோட் விழுந்தால் மற்றது தாங்கும் என்றுதானே? பங்குனியில் ஒரு நாள் முதலாம் நோட் விழுந்தது. கரும்பீட வேலை முழுவதும் இரண்டாம் நோட்டுக்கு மாறியது, அங்கே ரிப்போட்டு கால் நீட்டிப் படுத்திருந்தது. அன்று 2.10க்குக் கிளைகளை மூடச் சொன்னீர்கள். துணுக்காயிலிருந்தும் முழங்காவிலிலிருந்தும் வந்தவர்களை வாசலில் நின்று திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

இனி 'நேரலை' என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தத் திரையில் இருக்கும் எண்களில் எதை 5 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் உங்கள் தீர்மானம் மாறும்? காலம் கடந்த அடைவுகளின் பட்டியல் நாள் கணக்கில் மாறுவது. மாத இலக்கில் எத்தனை வீதம் என்பது கிழமைக் கணக்கில் பார்க்க வேண்டியது. கிளைவாரியான வட்டி வருமானத்தை 10.45க்கும் 10.50க்கும் ஒப்பிட்டு ஒருவர் என்ன செய்வார்? பார்க்க அழகாக இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. விருந்தினர் வரும்போது அந்தத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

நியாயமாகச் சொன்னால் ஒரே ஒரு எண் உண்மையில் அந்தந்த நேரத்தில் தேவை: ஒவ்வொரு கிளையிலும் கையிருப்பில் உள்ள காசு. அறுவடைக் காலத்தில் புதுக்குடியிருப்பில் காசு முடிகிறது என்று 11 மணிக்குத் தெரிந்தால்தான் கிளிநொச்சியிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ அனுப்பலாம். இதை நாங்களே கேட்கிறோம். ஆனால் அதற்கு அட்டவணை முழுவதையும் தடவத் தேவையில்லை. கிளைக்கு ஒரு வரி, சுட்டியால் (இன்டெக்ஸ்) நேரே போய் எடுத்துவிடலாம், காசாளரின் பதிவைவிடச் சிறிய வேலை. மற்ற இருபத்துச் சொச்சம் வரைபடங்களும் இந்த ஒரு எண்ணின் முதுகில் ஏறி 'நேரலை' ஆகிவிட்டன.

அன்றாடக் கொடுக்கல் வாங்கலும் அலசிப் பார்க்கும் வேலையும் குணத்தால் வேறு என்பது இந்தத் தொழிலில் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு அடித்தளம் போட்ட கணினி அறிஞர் எட்கார் கொட், 1993 இலேயே இரண்டாவதற்குத் தனிப் பெயரும் தனி விதிகளும் எழுதியவர். இரண்டையும் ஒரே இடத்தில் செய்யலாம் என்று இப்போது வரும் புதிய இயந்திரங்கள் உண்டு. நம்மிடம் இருப்பது அது இல்லை.

நம்மிடம் இருப்பது வேறொன்று. அதைத்தான் உங்கள் சுற்றுநிருபம் மறந்துவிட்டது. பேரிடர் வந்தால் என்று வேறு இடத்தில் ஒரு ஸ்டாண்ட்பை டேட்டாபேஸ் வைத்திருக்கிறீர்கள். முதன்மையில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் ரீடூவாக அங்கே போய் அங்கேயும் பதிகிறது. தனிக் கணினி, தனி நினைவகம், தனி டிஸ்க். இது உண்மையிலேயே வேறு குளம். வருடத்துக்கு ஒரு தடவை ஒத்திகைக்குக் கண் விழித்துவிட்டு மிச்ச நாளெல்லாம் சும்மா கிடக்கிறது. 2007 இல் வந்த பதினோராம் பதிப்பிலிருந்தே, மாற்றங்கள் பதிந்துகொண்டிருக்கும்போதே அந்த ஸ்டாண்ட்பையை வாசிப்புக்கு மட்டும் திறந்து வைக்கும் வசதி இருக்கிறது. அக்டிவ் டேட்டா கார்ட் என்பார்கள். லைன் நன்றாக இருந்தால் முதன்மைக்குச் சில விநாடிகள் பின்னால் நிற்கும். உங்கள் சுவர்த் திரைக்கு அது தாராளம்.

அதற்குத் தனி உரிமக் கட்டணம் உண்டு, தெரியும். கட்டணம் முடியாது என்றால் கட்டணமில்லாத வழியும் இருக்கிறது. காலையில் பதிவதை நிறுத்தி, ஸ்டாண்ட்பையை வாசிப்புக்குத் திறந்து, நேற்றிரவு வரையிலான ரிப்போட்டுகளை அதில் ஓட்டுங்கள். முடிந்ததும் மூடிப் பதிவதைத் தொடங்குங்கள். இடையில் ரீடூ வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கும், பதிவதுதான் நிற்கும். அந்த நேரத்தில் பேரிடர் வந்தால் மீள எழும்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும் என்ற ஒரு குறை உண்டு. அதை மறைக்கவில்லை. ஆனால் நிலுவைப் பட்டியலை நேற்றைய நிலையில் பார்ப்பதால் ஒருவரும் கெட்டுப்போக மாட்டார்.

கூட்டுத்தொகைகளை முன்கூட்டியே போட்டு வைக்கும் சுருக்க அட்டவணைகளும் உதவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு கமிட்டின்போதும் புதுப்பி என்று அமைத்தால் அந்தப் பாரம் நேரே காசாளரின் தலையில் ஏறும். மணிக்கு ஒரு தடவை போதும். இயந்திர நேரத்தைப் பங்கு போட ரிசோஸ் மனேஜர் என்ற கருவியும் நீங்கள் ஏற்கனவே வாங்கிய பதிப்புக்குள் இருக்கிறது, ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் என்று கமக்காரர் கூடிப் பங்கு போடுகிறார்கள். அதில் சண்டை வரும், முறைப்பாடு வரும், ஆனால் பங்கு போடாமல் ஒருவரும் துருசைத் திறப்பதில்லை. நீங்கள் அந்தக் கூட்டத்தையே வைக்கவில்லை.

இப்போது மார்கழி. பயிர் குடலைப் பருவத்தில் நிற்கிறது. மழை பிழைக்காவிட்டால் தை கடைசியில் முதல் வெட்டுத் தொடங்கும். உங்களுக்கு இருப்பது ஐந்தாறு கிழமை. நான் கேட்பவை இவை.

5 நிமிடப் புதுப்பிப்பு என்ற தீர்மானத்தை உடனே நிறுத்துங்கள். தை 15 முதல் பங்குனி கடைசி வரை, வேலை நாட்களில் காலை 9 முதல் பிற்பகல் 3 வரை, கிளைக் காசுக் கையிருப்பைத் தவிர வேறு எந்த ரிப்போட்டும் கிளஸ்டரில் ஓடக் கூடாது என்று எழுத்தில் தாருங்கள். பணிப்பாளர் ஒருவர் தொலைபேசியில் கேட்டாலும் ஓடக் கூடாது, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ரிப்போட்டுக்குத் தனிச் சேவைப் பெயரைக் கொடுத்து இரண்டாம் நோட்டோடு கட்டுவதையும், ரிசோஸ் மனேஜரில் அதற்கு ஒரு உச்ச வரம்பு போடுவதையும் இந்த மாதத்துக்குள் செய்யுங்கள். இவற்றுக்குப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. உதவி வேண்டுமென்றால் பஸ் ஏறி வருகிறேன்.

ஸ்டாண்ட்பையை ரிப்போட்டுக்குத் திறப்பது பற்றி, உரிமத்தோடா உரிமமில்லாமலா என்பதை, தை முதல் சபைக் கூட்டத்தில் முடிவெடுத்து அந்த முடிவைக் கிளைகளுக்கு அறிவியுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வன்னிக் கிளையொன்றிலிருந்து ஒரு காசாளரைக் கூப்பிடுங்கள். என்னைத்தான் என்றில்லை.

சுற்றுநிருபத்தில் ஊழியர் பயிற்சி பற்றிய அந்த வசனத்தை இன்னொரு சுற்றுநிருபத்தால் மீளப் பெறுங்கள். மல்லாவியில் ஒரு தங்கச்சிக்கு அதைக் காட்டிச் சம்பள உயர்வை நிறுத்தியிருக்கிறார்கள். அதையும் திரும்பக் கொடுங்கள்.

கடைசியாக, சென்ற மாசி, பங்குனியில் கரும்பீடம் நின்றதால் குறித்த நாளில் நகை மீட்க முடியாமல் மேலதிக வட்டி கட்டியவர்களின் விபரம் கிளைகளில் இருக்கிறது. வந்த நேரமும் திரும்பிப் போன நேரமும் முகாமையாளர்களின் கைத்துண்டுகளில் இருக்கின்றன. அந்த வட்டியைத் திருப்பிக் கொடுங்கள். விசுவமடு அம்மாவின் துண்டின் பிரதி என்னிடம் இருக்கிறது. இந்த ஐப்பசியிலும் அதே தாலிக்கொடியை விதைப்புக்காக எங்களிடமே கொண்டு வந்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து உங்கள் ஊழியர் ஒருத்தி